காத்திருக்கும் நேரத்துக்குத்தான் கரண்ட் செலவு

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோதே ஒரு நிபந்தனை போட்டார். "விஞ்ஞானம் பேசுங்க, வேண்டாங்கலே. ஆனா வீட்டுக்குப் போய் நம்ம சனம் செய்யிற மாதிரி ஒரு விஷயமாவது இருக்கணும்" என்றார். அதனால் உங்கள் வீட்டு அலமாரி மேல் விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வை-ஃபை பெட்டியைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் சாப்பிடுகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் தலைப்பு. மாதம் ஆறு யூனிட் மிச்சம் பிடிக்க ஒரு கூட்டமா என்று யாரும் சிரிக்க வேண்டாம். இங்கே அது ஆறு யூனிட். தன்லியினில் இருக்கும் நம் உறவுகளுக்கு அது குரல் கேட்குமா கேட்காதா என்கிற கணக்கு.

தன்லியின் என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் அது சிரியம்தான். ரங்கோனிலிருந்து பெகு ஆற்றைத் தாண்டினால் சிரியம். 1993-ல் பாலம் வரும்வரை படகில்தான் போக வேண்டும். பர்மா ஆயில் கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை இருந்த ஊர். நம்மவர்கள் பலருக்குச் சோறு போட்ட ஆலை அது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரனே அதைக் கொளுத்திவிட்டுப் போனான். அப்போது நடந்தே வந்தவர்கள் ஒரு கூட்டம். 1964-ல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் ஏறி வந்தவர்கள் இன்னொரு கூட்டம். வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. பீலிக்கான் கோயில் தீமிதிப் படம் வருஷா வருஷம் நம் போனுக்கு வருகிறதே, அது அவர்கள் அனுப்புவதுதான்.

எண்ணெய்க்குப் பேர்போன அந்த ஊரில் இன்றைக்கு விளக்கு எரிவது அபூர்வமாகிவிட்டது. பர்மாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணைகளிலிருந்து வருவது. வெயில் ஏற ஏற அணையில் தண்ணீர் இறங்கும். மிச்சத்துக்கு இயற்கை வாயு. கடலுக்கடியில் எடுக்கும் அந்த வாயுவும் குறைந்துகொண்டே வருகிறது. 2020-ல் தாக்கேட்டாவிலும் தன்லியினிலும் வெளிநாட்டிலிருந்து வாங்கிய திரவ வாயுவில் ஓடும் மின்நிலையங்களைத் தொடங்கினார்கள். வாயு விலை ஏறியது, 2021-ல் அவை நின்றுபோயின. 2023-ல் ரங்கோன் பகுதியில் நாலு மணி நேரம் இருந்தால் நாலு மணி நேரம் இல்லை என்று முறை வைத்தார்கள். 2024 கோடையில் அதைவிட மோசம். நமக்குச் சித்திரை பிறக்கும் அதே வாரத்தில் அங்கே திங்ஜான் தண்ணீர்த் திருவிழா. சொந்தக்காரர்கள் எல்லாரும் பேச ஆசைப்படும் அந்த வாரம் வருவது வெயிலில் கரண்ட் குறையும் காலத்தில்தான்.

இன்டர்நெட்டின் கதை தனி. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மார்ச் 15-ஆம் தேதி நாடு முழுக்க செல்போன் டேட்டாவை நிறுத்தினார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி கம்பியில்லா பிராட்பேண்டையும் நிறுத்தினார்கள். மிஞ்சியது வீட்டுக்குக் கம்பியாக வரும் ஃபைபர் இணைப்பு. எங்கள் சின்னம்மா இருக்கும் தெருவில் ஃபைபர் இருந்த ஒரே வீடு தெருவுக்கே தபால் ஆபீஸாக மாறியது. 2025 மார்ச் 28-இல் மாந்தலே, சகாயிங் பக்கம் பெரிய பூகம்பம் வந்தபோது ரங்கோன் தப்பித்தது என்பது உடனே நமக்குத் தெரிந்ததா? அன்று ராத்திரி இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபைபர் இணைப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. வீடுகளுக்குப் பெரும்பாலும் கொடுக்கும் முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரைக்கும் வழியில் கரண்ட் வேண்டிய சாமான் எதுவும் கிடையாது. கண்ணாடி இழையில் வெளிச்சம் வருகிறது, நடுவில் அதைப் பிரிக்கும் பெட்டிக்கும் கரண்ட் தேவையில்லை. ஆகவே எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடினால், தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் இன்டர்நெட் வந்து நிற்கிறது. அதை உள்ளே கூப்பிட வேண்டியது உங்கள் வை-ஃபை ரவுட்டர். அதற்குத் தேவை வெறும் 5 முதல் 10 வாட். இந்தச் சின்ன வாட்டை எப்படி இன்னும் சின்னதாக்கி, பேட்டரியில் எத்தனை மணி நேரம் ஓட்டுவது? இதுதான் கேள்வி.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துவிடலாம். ரேடியோ என்றால் பேசும்போதுதான் செலவு, சும்மா இருந்தால் செலவில்லை என்று நினைக்கிறோம். வை-ஃபையில் அப்படி இல்லை. ரவுட்டரின் ஆன்டெனாவிலிருந்து காற்றில் போகும் சக்தி சுமார் 100 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. 8 வாட் சாப்பிடும் பெட்டி ஊருக்குக் கொடுப்பது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் உள்ளே இருக்கும் சிப்பு விழித்துக்கொண்டு இருப்பதற்கு. போனிலும் இதே கதை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு சும்மா இருக்கும் ரேடியோ, செய்தியை வாங்கிக்கொண்டிருக்கும் ரேடியோ அளவுக்கே கிட்டத்தட்டக் கரண்ட் எடுக்கும். எதுவுமே வராத நேரத்தில் காத்திருப்பதுதான் பெரிய செலவு. அகதி வாழ்க்கை வாழ்ந்த நமக்கு இதை விளக்க வேண்டாம். கியூவில் நின்றே நாள் போன அனுபவம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

இந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்கு இன்ஜினியர்கள் செய்த தந்திரங்கள்தான் வை-ஃபையின் மின் சிக்கன வரலாறு. மூன்று கட்டமாகச் சொல்கிறேன்.

முதல் தந்திரம், 1997-ல் 802.11 என்ற முதல் தரக்கட்டளை வந்தபோதே அதில் இருந்தது. ஒரு தபால் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று வாசலில் ஒரு பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நாள் முழுக்கக் கவுன்ட்டரில் நிற்க வேண்டாம், நேரத்துக்கு வந்து பலகையைப் பார்த்தால் போதும். பெயர் இருந்தால் உள்ளே போய் வாங்கலாம், இல்லையென்றால் திரும்பிவிடலாம். வை-ஃபையிலும் போன் ரவுட்டரிடம் "நான் தூங்கப் போறேன், வர்றதை எடுத்து வை" என்று சொல்லிவிட்டுத் தூங்கும். ரவுட்டர் நொடிக்குச் சுமார் பத்துத் தடவை, சரியாகச் சொன்னால் 102.4 மில்லிநொடிக்கு ஒரு தடவை, ஒரு அறிவிப்பு விடும். அதற்குப் பீக்கன் என்று பெயர். யாருக்குச் செய்தி காத்திருக்கிறது என்ற பட்டியல் அதில் இருக்கும். போன் அந்த நேரத்துக்கு மட்டும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும்.

இரண்டாவது தந்திரம் 2005-ல் வந்தது. பேச்சு என்பது கடிதம் மாதிரி தாமதிக்க முடியாது. பலகை பார்த்துப் போய் வாங்குவதற்குள் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்கும். அதனால், தன் கடிதத்தைப் போட வரும்போதே தனக்கு வந்ததையும் அதே கையோடு வாங்கிக்கொண்டு போகும் முறையை ஏற்படுத்தினார்கள். நீங்கள் பேசும் குரல் துண்டு போகிறது, எதிராளி பேசியது அதே நேரத்தில் வருகிறது, நடுவில் கிடைக்கும் துளி நேரத்திலும் ரேடியோ கண்ணயர்கிறது.

மூன்றாவது தந்திரத்தை முதலில் 802.11ஏ.எச். என்ற, சின்னச் சின்னக் கருவிகளுக்கான தரக்கட்டளையில் வைத்தார்கள். பிறகு வை-ஃபை 6 என்று கடையில் விற்கிறார்களே, 2021-ல் வெளியான அந்தத் தரக்கட்டளையிலும் சேர்த்தார்கள். இதை டோக்கன் முறை என்று சொல்லலாம். ரேஷன் கடையில் "உங்களுக்குப் பதினோரு மணி, அதுக்கு முன்னாடி வராதீங்க" என்று டோக்கன் கொடுத்தால் எப்படி? ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் இப்படி நேரம் குறித்துக் கொடுக்கிறது. குறித்த நேரம் வரும்வரை பலகையைக்கூடப் பார்க்க வேண்டாம், நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் வந்து இடித்துக்கொள்வதும் குறைகிறது. ஆனால் ரவுட்டர், போன் இரண்டும் அந்த வகையாக இருந்து, இரண்டிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன்.

இந்த மூன்றிலும் தூங்குவது போன் மட்டும்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ரவுட்டர் தூங்குவதில்லை. அது தபால் ஆபீஸ். யார் எப்போது வருவார் என்று தெரியாது, கதவைச் சாத்த முடியாது. ரவுட்டரும் கொஞ்சம் கண்ணயர வழி செய்வது பற்றி, இப்போது தயாராகிக்கொண்டிருக்கும் 802.11பி.என். என்ற அடுத்த தலைமுறைத் தரக்கட்டளையில் பேசுகிறார்கள். அது வரும்வரை ரவுட்டரின் செலவைக் குறைக்கிற வேலை நம் கையில்தான் இருக்கிறது.

சரி, கையால் என்ன செய்யலாம்? செயலாளர் கேட்ட பகுதி இதுதான். பிள்ளைகள் குறித்துக்கொண்டு அங்கே சொல்லுங்கள்.

ஒன்று. இப்போதைய ரவுட்டர்களில் பெரும்பாலும் இரண்டு ரேடியோ இருக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் ஒன்று. பேட்டரியில் ஓடும் நேரத்தில் இரண்டும் வேண்டாம். செட்டிங்ஸில் போய் 5-ஐ அணைத்துவிடலாம். மாடலுக்கு மாடல் மாறும் என்றாலும் ஒரு வாட், அதற்கு மேலேகூட மிச்சமாகும். வைபரிலோ மெசஞ்சரிலோ பேச நொடிக்கு 100 கிலோபிட்கூட வேண்டாம். அதற்கு 2.4 தாராளம்.

இரண்டு. "டிரான்ஸ்மிட் பவர்" என்று ஒரு செட்டிங் இருக்கும். அதைக் குறைத்தால் கரண்ட் மிச்சமாகும் என்று நினைத்துப் பலர் குறைக்கிறார்கள். நான் முன்பு சொன்ன கணக்கைப் பாருங்கள். காற்றில் போவதே பத்தில் ஒரு வாட். அதைப் பாதியாக்கினாலும் பெட்டியின் செலவில் பெரிய வித்தியாசம் வராது. உள்ளறையில் இருக்கும் போனுக்குச் சிக்னல் மெலிந்து, அந்தப் போனின் பேட்டரிதான் சீக்கிரம் தீரும்.

மூன்று. ஏன் தீரும்? சிக்னல் நன்றாக இருந்தால் போன் வேகமாகப் பேசி முடித்துவிட்டுத் தூங்கப் போகும். மெலிந்திருந்தால் மெதுவாக, திருத்தமாகப் பேசும். ஒரு மெகாபைட் போட்டோவை நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் ஏட்டுக் கணக்கில் கால் நொடிகூட ஆகாது. நொடிக்கு 1 மெகாபிட் என்றால் எட்டு நொடி. அத்தனை நேரமும் ரேடியோ விழித்திருக்க வேண்டும். ஆகவே ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்கள். பலகைச் சுவர், மூங்கில் தட்டி எல்லாம் சிக்னலை அவ்வளவாகத் தடுக்காது. தகரம் தடுக்கும், தண்ணீர்த் தொட்டியும் தடுக்கும். தகரச் சுவரை ஒட்டி ரவுட்டரை மாட்டாதீர்கள்.

நான்கு. இதுதான் முக்கியம். பேட்டரியிலிருந்து ரவுட்டருக்குக் கரண்ட் போகும் வழி. கரண்ட் போனதும் பலர் செய்வது, 12 வோல்ட் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டி, 220 வோல்ட்டாக ஏற்றி, அதில் ரவுட்டரின் அடாப்டரைச் சொருகி, மறுபடி 12 வோல்ட்டாக இறக்குவது. சிரியத்திலிருந்து எதிர்க்கரைக்குப் போகிறவன் ரங்கோன் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பச் சிரியத்துக்கே வந்து இறங்கின கதை. கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. ஈய பேட்டரி நாள்பட உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. கையில் 42. ரவுட்டர் 8 வாட். இன்வெர்ட்டர் வழியாகப் போனால், ஏற்ற இறக்க நஷ்டத்தில் 8 என்பது 10 ஆகும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சும்மாவே ஒரு 6 எடுக்கும். மொத்தம் 16. இரண்டரை மணி நேரம் வரும். நாலு மணி நேர வெட்டுக்குப் பத்தாது. நேராக 12 வோல்ட்டிலேயே கொடுத்தால் ஐந்து மணி நேரம் வரும். ரவுட்டரையும் நான் சொன்னபடி 6 வாட்டுக்கு இறக்கினால் ஏழு மணி நேரம். அதே பேட்டரி, அதே காசு.

இதற்கென்றே ரவுட்டருக்கான மினி யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது வோல்ட் ரவுட்டரில் போட்டிருக்கும் வோல்ட்டுக்குச் சரியா, பின்னில் பிளஸ் மைனஸ் சரியா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெறும் பேட்டரியில் ஒயரை நேராகச் சுற்றி மாட்ட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேல் போகும், எல்லா ரவுட்டரும் தாங்காது. நடுவில் 12-ல் நிறுத்திக் கொடுக்கும் சின்ன கன்வெர்ட்டர் வேண்டும். ஈய பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், சாமி விளக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

ஐந்து. பக்கத்துப் பக்கத்து வீடாக நாலு குடும்பம் இருந்தால் நாலு ரவுட்டரும் இரவெல்லாம் ஓட வேண்டியதில்லை. நாலு எட்டு முப்பத்திரண்டு வாட். வெட்டு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டினால், நாலு பேட்டரியையும் முறை வைத்து மாற்றி நாலு மடங்கு நேரம் ஓட்டலாம். பெரிய கட்டடங்களிலும் கல்லூரிகளிலும் இதே யோசனைதான். 200 ஆக்சஸ் பாயின்ட், ஒன்றுக்கு 10 வாட் என்று வையுங்கள். இரவு எட்டு மணி நேரம் முக்கால்வாசியை அணைத்தாலே 12 யூனிட் மிச்சம். தன்லியினில் கடல்சார் பல்கலைக்கழகமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் யாராவது அங்கே படித்தால், இது நல்ல புராஜெக்ட்.

கடைசியாக ஒன்று. இதற்குச் செட்டிங்ஸும் வேண்டாம், காசும் வேண்டாம்.

எங்கள் சின்னம்மாவுக்கு எண்பது வயது. மகன் மலேசியாவில், நாங்கள் சென்னையில். எப்போது யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாததால், கரண்ட் இல்லாத நேரத்திலும் போனை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ரவுட்டரையும் அணைக்க விடமாட்டார்கள். நாங்கள் ஒருவழியாக நேரம் கிடைத்துக் கூப்பிடும்போது போனும் செத்திருக்கும், ரவுட்டரும் செத்திருக்கும். மறுநாள் கேட்டால், "நீங்க கூப்பிடுவீங்கன்னுதான்டா அணைக்கல" என்பார்கள்.

இன்ஜினியர்கள் இருபது வருஷத்துக்கு மேல் யோசித்துக் கடைசியில் வந்து சேர்ந்த இடம், நேரம் குறித்து வைத்துக்கொள்வது. அதை நாமும் செய்யலாம். அங்கே வெட்டு முறை என்ன என்று கேட்டு, அதற்குத் தகுந்தபடி ஒரு நேரத்தைக் குறியுங்கள். பர்மா நேரம் நமக்கு ஒரு மணி முந்தி. இங்கே எட்டு என்றால் அங்கே ஒன்பது. "வாரத்தில் செவ்வாயும் சனியும் உங்க ஒன்பது மணி. ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ரவுட்டரைப் போடுங்க, பேசி முடிச்சதும் அணைச்சிடுங்க" என்று சொல்லுங்கள். தினம் ஒரு மணி நேரம் என்றால்கூட, 42 வாட்-மணி இருக்கும் அந்தச் சின்ன பேட்டரி ஐந்து நாளைக்கு வரும். நடுவில் அவசரம் என்றால் பேசிய குரலைப் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். அது ஒரே மூச்சில் போய்ச் சேரும், ரேடியோ உடனே தூங்கிவிடும். வீடியோ காலில் ரேடியோவுக்குத் தூக்கமே கிடையாது. பேரன் பேத்தி முகம் பார்க்க வேண்டும் என்றால் கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்து வையுங்கள்.

நேரம் குறித்துவிட்டுக் கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ரவுட்டர் டோக்கன் கொடுத்த நேரத்தைத் தவறவிடாது. நாம் தவறவிட்டால், அடுத்த வாரம் சின்னம்மா மறுபடி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் எந்த சிக்கனமும் வேலை செய்யாது.

கணக்குகளைத் தாளில் எழுதிச் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். அங்கே உள்ளவர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்ப வசதியாக இருக்கும். அங்கேயும் இங்கேயும் உள்ள நம் எல்லாக் குடும்பங்களுக்கும் இனிய தமிழ்ப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்.